உஸ்பெகிஸ்தான் பயணம்: கீவாவில் தொடங்குவதா, சமர்கண்டில் தொடங்குவதா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் உஸ்பெகிஸ்தான் கிளம்புகிறோம். நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், எழுபதைத் தாண்டிய என் மாமியார். மதுரையிலிருந்து சென்னை, டெல்லி வழியாகத் தாஷ்கண்ட். முகவர் ஒருவர் போட்டுக் கொடுத்த திட்டம் இது:

தாஷ்கண்ட் 2 இரவு, சமர்கண்ட் 2 (அதில் ஒரு பகல் ஷஹ்ரிசப்ஸ் போய்த் திரும்புதல்), அய்தர்குல் ஏரிப் பக்கம் பாலைவனக் கூடாரம் 1, புகாரா 2, கீவா 1, நுகுஸ், ஆரல் கடல் 2, மறுபடி தாஷ்கண்ட் 1.

மாமியார் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சமதரையில் எவ்வளவு தூரமானாலும் நடப்பார். படி என்றால் முழங்கால் மறுக்கும். மகன் பாலைவனத்தில் ஒரு ராத்திரி படுக்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்கிறான். கணவருக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வராத இடம் எதுவானாலும் சரி. எனக்குச் சமர்கண்ட். திட்டம் நெருக்கடியாகத் தெரிகிறது. எதை வெட்டலாம், சொல்லுங்கள்.

நெடுவழியான்:

முகவரை வெட்டுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். தாஷ்கண்ட் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கீவா மேற்கு ஓரம். ஆரல் கடல் அதற்கும் வடமேற்கே. உங்கள் முகவர் கிழக்கிலிருந்து மேற்கே இழுத்துக்கொண்டு போய், உடம்பு அலுத்துப்போன நேரத்தில் மிகக் கடினமான பகுதியை வைத்திருக்கிறார். புகாராவிலிருந்து கீவாவுக்குக் கிஸில்கும் பாலைவனத்தின் குறுக்கே ஏறத்தாழ 450 கி.மீ.; ஆறேழு மணி நேரம் ஆகும். அப்படிப் போய்ச் சேர்ந்த ஊரில் ஒரே இரவு! விடிந்ததும் நுகுஸ். அங்கிருந்து மொய்நாக் 200 கி.மீ. பழைய துறைமுகமான மொய்நாக்கிலிருந்து இன்றைய கடற்கரை இன்னும் 100 கி.மீ.க்கு மேல், வறண்டுபோன கடல்தரையில் ஜீப் பயணம். எழுபது வயது முழங்காலுக்கு இதையா கொடுப்பது?

தலைகீழாக மாற்றுங்கள். தாஷ்கண்டில் இறங்கி ஓர் இரவு. மறுநாள் உள்நாட்டு விமானத்தில் ஊர்கெஞ்ச், ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து கீவா 35 கி.மீ. பிறகு கீவா, புகாரா, சமர்கண்ட், தாஷ்கண்ட் என்று ஒரே திசையில் திரும்பி வாருங்கள். வர வர ரயில் வசதி கூடும், அலைச்சல் குறையும்.

சமர்கண்ட் மாணவன்:

இங்கே மருத்துவம் படிக்கிறேன். நெடுவழியான் ஐயா சொல்லும் வரிசையை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரைக் கடைசியில் வைத்தால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கீவாவிலும் புகாராவிலும் ஊர்ந்து வந்தவர்கள், சமர்கண்டுக்கு வரும்போது "இன்னொரு மதரசாவா" என்ற முகத்தோடு வருகிறார்கள். மதரசாக்கள் சூழ்ந்த ரெகிஸ்தான் சதுக்கத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்த் தூங்குகிறார்கள். அக்காவுக்குச் சமர்கண்ட்தான் ஆசை என்றால், தெம்பு இருக்கும்போதே பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

சுண்ணாம்புச்சுவர்:

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். தம்பி சொல்லும் அலுப்பு உண்மைதான். ஆனால் சமர்கண்டை முதலில் பார்த்தால் மற்ற இரண்டு ஊர்களும் செத்துப்போகும். ரெகிஸ்தானின் அளவையும் நீலத்தையும் பார்த்த கண்ணுக்குக் கீவாவின் மண்சுவர் எடுபடாது. நீங்களோ அங்கே போவதே அந்த மண்சுவருக்காகத்தான்.

கீவாவின் உள்நகரமான இச்சான் காலா 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உஸ்பெகிஸ்தானில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம். ஜுமா மசூதிக்குள் காலையில் போங்கள். வெளியே பெரிய அலங்காரம் கிடையாது. உள்ளே தாழ்ந்த கூரை, இருநூற்றுக்கும் மேற்பட்ட மரத்தூண்கள், கூரைத் திறப்பிலிருந்து மட்டும் வெளிச்சம். ஒவ்வொரு தூணும் அடியில் குடம்போல் பருத்து, கழுத்தில் ஒடுங்கி, மேலே நேராகப் போகிறது. பழைய கட்டடங்களிலிருந்து கொண்டுவந்த தூண்களும் கலந்திருப்பதால் செதுக்கு வேலை தூணுக்குத் தூண் மாறும். மிகப் பழையவை பத்தாம் நூற்றாண்டு வரை போகும். மாமியாருக்கு ஏற்ற இடம், தரை முழுக்கச் சமம். 1910இல் எழுந்த இஸ்லாம் கோஜா கோபுரத்தில் ஏறுவதை மகனிடம் விட்டுவிடுங்கள். படிகள் செங்குத்து, உள்ளே இருட்டு.

புகாராவில் முதலில் சாமானித் அரச வம்சத்தாரின் கல்லறை மாடம். பத்தாம் நூற்றாண்டுக் கட்டடம். ஓடு இல்லை, வண்ணம் இல்லை. சுட்ட செங்கல்லைக் குறுக்காகவும் சாய்வாகவும் கூடைப்பின்னலாகவும் அடுக்கியே சுவர் முழுக்க வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். வெயில் நகர நகர நிழல் மாறி, சுவரே வேறு சுவராகிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாருங்கள். பிறகு 1127இல் கட்டிய கல்யான் மினார்: வெற்றுச் செங்கல்லில் சுமார் 46 மீட்டர், உச்சிக்குக் கீழே மட்டும் மெல்லிய நீலப் பட்டை. அந்த நீலப் பட்டை எப்படி ஒரு சுவர் முழுக்கப் பரவியது என்பதற்கு விடைதான் சமர்கண்ட். இந்த வரிசையில் பார்த்தவருக்கு அலுப்பு வராது.

ஷஹ்ரிசப்ஸை வெட்டுங்கள். தைமூர் பிறந்த வட்டாரம்தான், அவருடைய அக்சராய் அரண்மனையின் வாயிலும் பிரம்மாண்டம்தான். ஆனால் நடுவில் இருந்த பழைய குடியிருப்பை இடித்துப் பூங்கா போட்டார்கள். 2016இல் யுனெஸ்கோ அதை ஆபத்துப் பட்டியலில் வைத்தது. ஒரு பகல் மலைச்சாலையில் போய்த் திரும்பும் அளவுக்கு உங்களிடம் நேரம் இல்லை.

ஈழத்துப்பனை:

எல்லோருமாகச் சேர்ந்து ஆரல் கடலை ஒரே வெட்டில் வெட்டிவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கடலைப் பார்த்து வளர்ந்தவள். மொய்நாக்கில் கரையேறி நிற்கும் மீன்பிடிக் கப்பல்களின் துருப்பிடித்த இரும்பைத் தொட்டுப் பார்த்தேன். காலடியில் சிப்பி ஓடு, கண்ணுக்கெட்டிய தூரம் புதர். அமுதாரியா, சிர்தாரியா இரண்டு ஆறுகளையும் 1960களிலிருந்து பருத்தி வயலுக்குத் திருப்பினார்கள், கடல் செத்தது. நீலக் குவிமாடங்களை மட்டும் பார்த்துவிட்டு வருபவருக்கு இந்த நாடு விளங்காது. நுகுஸில் சவீட்ஸ்கி கலைக்கூடமும் இருக்கிறது. 1966இல் திறந்தது. சோவியத் அரசு ஒதுக்கிவைத்த ஓவியர்களின் படங்களை, மேலிடத்தின் கண் எளிதில் படாத அந்தத் தொலைதூர ஊரில் ஒரு மனிதர் சேர்த்துவைத்தார். பாலைவனப் பயணம் என்று கேட்டால் என் பதில் அதுதான்.

நெடுவழியான்:

ஈழத்துப்பனை அக்கா, நீங்கள் சொல்வதை ஒரு சொல்லும் மறுக்க மாட்டேன். ஆனால் இந்தக் குடும்பத்தின் இந்தப் பயணத்தில் அது பொருந்தாது. மொய்நாக்கை ஒழுங்காகப் பார்க்கக் கீவாவிலிருந்து குறைந்தது இரண்டு பகல் வேண்டும். அந்த இரண்டு பகலும் புகாராவிலிருந்துதான் போகும்.

ஈழத்துப்பனை:

போகட்டுமே. புகாராவில் பாதி நேரம் கம்பளக் கடைக்காரரோடு பேரம் பேசித்தானே கழிகிறது.

சுண்ணாம்புச்சுவர்:

அக்கா, இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புகாராவே தண்ணீரின் கதைதான். ஊர் முழுக்க நூற்றுக்கணக்கில் இல்லாவிட்டாலும் பல பத்துக் குளங்கள் இருந்தன, ஹவுஸ் என்பார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதில்தான். அதனால் நம் ஊர்ப் படிக்கிணறுகளில் இருந்த அதே நரம்புச் சிலந்தி நோய் அங்கேயும் ஊரை வாட்டியது. சோவியத் காலத்தில் பெரும்பாலான குளங்களை வற்றவைத்து மூடினார்கள், நோயும் போனது. மிச்சம் நிற்பதில் பெரியது 1620இல் வெட்டிய லாபி ஹவுஸ். முசுக்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது அந்தப் படிகளைப் பாருங்கள், நேராகத் தண்ணீர் மட்டம் வரை இறங்கும். மாமியார் பல மணி நேரம் உட்காரக்கூடிய இடம்.

மகனின் பாலைவனத்துக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. கீவாவிலிருந்து காரில் அமுதாரியாவைக் கடந்தால் பழைய கோரெஸ்ம் நாட்டின் மண்கோட்டைகள். தோப்ராக் காலா, அயஸ் காலா இரண்டையும் ஒரே பகலில் பார்க்கலாம். அயஸ் காலா என்பது மூன்று கோட்டைகள் சேர்ந்தது. மேலே இருப்பது குன்றின் உச்சியில், சுடாத செங்கல் மதில். மதிலோரம் நின்றால் ஒரு பக்கம் பாசன வயல் முடிகிற கோடு தெரியும், அதற்கப்பால் கிஸில்கும். ஆறு தடம் மாறி, வாய்க்கால் தூர்ந்து, மக்கள் கிளம்பிப்போன நாடு அது. 1937இல் தொடங்கிய சோவியத் அகழாய்வுக் குழுதான் இவற்றை உலகத்துக்குச் சொன்னது. ஈழத்துப்பனை அக்கா சொல்லும் அதே தண்ணீர்க் கதையின் முந்தைய அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமர்கண்ட் மாணவன்:

அய்தர்குல் கூடாரத்தை ஏன் யாரும் பேசவில்லை? நாங்கள் நண்பர்களோடு போனோம். ஒட்டகச் சவாரி, இரவில் நெருப்பு, பாட்டு, காலையில் ஏரியில் குளியல். மகனுக்கு அதுதான் பிடிக்கும்.

நெடுவழியான்:

பிடிக்கும், தவறில்லை. ஆனால் அந்த ஏரி 1969 வெள்ளத்தில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டதால் உண்டானது. கூடாரமும் சுற்றுலாப் பயணிக்காகப் போட்டதுதான். அயஸ் காலாவின் அடிவாரத்திலும் வட்டக் கம்பளிக் கூடார முகாம் உண்டு, அதே இரட்டைத் திமில் ஒட்டகம், கூடவே ஈராயிரம் ஆண்டுக் கோட்டை. இன்னொன்று: கிஸில்கும் என்றதும் அலை அலையான மணல்மேட்டை மகன் எதிர்பார்த்தால் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். பெரும்பகுதி கட்டாந்தரையும் சாக்ஸால் புதரும்தான். மணல்மேடு அங்கங்கே வரும்.

கணக்கப்பிள்ளை:

கோட்டை, கூடாரம் எல்லாம் பேசியாகிவிட்டது. காசைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா உண்டு. ஒரு முறை நுழைய 20 டாலர். அரசு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள், இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். டாலர் நோட்டு கசங்காமல், கிறுக்கல் இல்லாமல், புதிதாக இருக்கட்டும். மூலையில் சிறு கிழிசல் இருந்தாலும் மாற்ற யோசிப்பார்கள். கையில் வரும் சோம் நோட்டுகளின் சுழியங்களைப் பார்த்து மிரள வேண்டாம், இரண்டாம் நாளே பழகிவிடும். விடுதியில் தங்கிய பதிவுச் சீட்டு கொடுத்தால் ஊர் திரும்பும்வரை பத்திரம்.

இரண்டு முக்கியமான விஷயங்கள். மாமியாரின் மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு ஆங்கிலத்தில் கையில் இருக்க வேண்டும். கோடின், டிரமடால் கலந்த வலி மருந்துகளில் அந்த நாடு மிகக் கண்டிப்பு. முழங்கால் வலிக்கு அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். மகனிடம் டிரோன் இருந்தால் வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வம்பு.

வைகைக்கரை:

டிரோன் இருக்கிறது! பெட்டியில்கூட வைத்துவிட்டான். இப்போதுதான் எடுக்கச் சொன்னேன், முகம் கோணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சாப்பாட்டைப் பற்றி யாராவது சொல்லுங்கள். அதுதான் என் பெரிய கவலை.

சமர்கண்ட் மாணவன்:

அக்கா, நான் சைவக் குடும்பத்திலிருந்து வந்தவன், ஆகவே நேராகச் சொல்கிறேன். பிலா என்ற இறைச்சிச் சோற்றை நம்பாதீர்கள். இறைச்சித் துண்டை ஒதுக்கிவிட்டுச் சோற்றைச் சாப்பிடலாம் என்று நினைப்பார்கள். அந்தச் சோறு வெந்ததே ஆட்டு வால் கொழுப்பில். "கோஷ்ட்சிஸ்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அதைச் சொன்னாலும் சூப்பிலிருந்து துண்டை எடுத்துவிட்டுக் கொண்டுவருவது உண்டு. சூப்பை விட்டுவிடுங்கள்.

கவலையில்லாமல் சாப்பிடக்கூடியவை: தந்தூர் ரொட்டி, தயிர், தக்காளி வெங்காயம் அரிந்த அச்சிச்சுக், பூசணி வைத்த சம்சா (உள்ளே கொழுப்பு சேர்க்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்), உருளைக்கிழங்கு, பருப்பு வகைகள், பழம். அக்டோபரில் முலாம்பழமும் திராட்சையும் மாதுளையும் கொட்டிக் கிடக்கும். கீவாவில் சிவித் ஓஷி என்று சதகுப்பைக் கீரைச் சாறு பிசைந்த பச்சை நூடுல்ஸ் கிடைக்கும். மாவில் முட்டை சேர்ப்பது உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் மேலே ஊற்றும் இறைச்சிக் குழம்பை நிறுத்தச் சொல்லித் தயிரோடு சாப்பிடலாம். தாஷ்கண்டிலும் சமர்கண்டிலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, எங்களைப் போன்ற மாணவர்கள் புண்ணியத்தில். கீவாவிலும் புகாராவிலும்தான் சமாளிக்க வேண்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சிறிய மின்சாரக் குக்கர் எடுத்துவாருங்கள். அரிசி இங்கே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நம் பொன்னி மாதிரி இருக்காது.

சியாப் சந்தையில் சமர்கண்ட் ரொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்கும், நடுவில் ஆணி அச்சுக் குத்திய பூவேலை, மேலே கண்ணாடிபோல் பளபளப்பு. நாள் கணக்கில் கெடாது, ஆகவே ரயிலுக்கு உதவும். தலைகீழாக மட்டும் வைத்துவிடாதீர்கள், பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வீட்டில் பெரிய பஞ்சாயத்து. முடிவு இப்படி வந்திருக்கிறது:

தாஷ்கண்ட் 1, கீவா 3 (ஒரு பகல் கோட்டைகள்), புகாரா 3, சமர்கண்ட் 3, தாஷ்கண்ட் 1.

கோட்டைக்குப் போகும் நாளில் மகனும் கணவரும் அயஸ் காலா கூடாரத்தில் தங்கிக்கொள்வார்கள், நானும் மாமியாரும் கீவாவுக்குத் திரும்பிவிடுவோம். கணவருக்கு அங்கே தொலைபேசி அலைவரிசை சரியாகக் கிடைக்காது என்று நம்பிக்கை. ஆரல் கடல் இந்த முறை இல்லை. ஈழத்துப்பனை அக்கா மன்னிக்க வேண்டும்.

தாஷ்கண்டில் எதுவும் வேண்டாம் என்று இருந்தேன். மாமியார்தான் மறித்தார். 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி அங்கே இறந்த செய்தியை வானொலியில் கேட்டு அவருடைய அப்பா அழுதாராம். அந்த ஊருக்குப் போய் அவர் சிலையைப் பார்க்காமல் வருவதா என்கிறார். சிலை இருக்கிறதா?

நெடுவழியான்:

இருக்கிறது. அவர் பெயரில் தெருவும் உண்டு, மார்பளவுச் சிலையும் உண்டு. விடுதியில் "சாஸ்திரி" என்று சொன்னாலே வண்டிக்காரரிடம் விளக்கிவிடுவார்கள். கடைசி நாளில் வையுங்கள்.

திட்டம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். புகாராவிலிருந்து சமர்கண்டுக்கு அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் அந்த ஒரு பகுதியை மட்டும் காரில் வாருங்கள்.

சுண்ணாம்புச்சுவர்:

வழிமொழிகிறேன். கிஜ்துவானில் மண்பாண்டப் பட்டறை இருக்கிறது, பச்சையும் பழுப்பும் கலந்த மெருகு. அதைத் தாண்டி நவோயி போகும் சாலையோரத்தில் ரபாதி மாலிக் சத்திரம். பதினோராம் நூற்றாண்டில் காரகானிய அரசர் கட்டியது; இன்று மிஞ்சியிருப்பது வாயிலும் அடித்தளச் சுவர்களும். சாலைக்கு எதிர்ப்புறம் சர்தோபா, அதாவது குவிமாடம் போட்டு மூடிய தண்ணீர்த் தொட்டி. மேலே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ந்திருக்கும். வணிகக் கூட்டம் எதை நம்பி இந்த வறண்ட வெளியைக் கடந்தது என்பது அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை, கடக்கும்போது கவனம்.

ஈழத்துப்பனை:

மன்னித்தேன். சர்தோபாவைச் சேர்த்ததற்காக. அத்தை ஆறுதலாகப் பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். இரவில் பாலைவனத்தில் குளிர் கடுமையாக இறங்கும். மகனுக்கும் கணவருக்கும் கம்பளிச் சட்டை, தலைக்குத் தொப்பி கட்டாயம். கழிப்பறை கூடாரத்துக்கு வெளியே, சற்று நடக்க வேண்டும். டார்ச் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:

கார் வாடகையைப் புகாரா விடுதியிலேயே பேசி, எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் பேசினால் கிஜ்துவானில் மதிய உணவு அவருடைய உறவினர் கடையில்தான்.

சமர்கண்ட் மாணவன்:

சமர்கண்டில் மூன்று இரவு என்பதைக் கேட்டு மகிழ்ச்சி. நான் என் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் மூன்று இரவு இருந்தால் அலுப்புத் தீர்ந்து பார்க்க நேரம் கிடைக்கும். வந்த அன்று எதுவும் வேண்டாம், மாலையில் ரெகிஸ்தான் மட்டும் போங்கள். பீபி கானிம் மசூதி தைமூர் 1398இல் டெல்லியைச் சூறையாடித் திரும்பியதும் தொடங்கியது. அங்கிருந்து ஓட்டிவந்த யானைகளும் வேலை செய்தன. தைமூரின் பேரன் உலுக் பேக்கின் வானாய்வகத்தில் மிஞ்சியிருப்பது தரைக்குள் வெட்டிய வளைந்த அளவுகோல் பள்ளம்தான், மேலிருந்தே பார்க்கலாம். அங்கே எடுத்த அளவுகளை வைத்து 1437இல் 1018 விண்மீன்களின் அட்டவணை வந்தது. ஷா இ ஸிந்தா கல்லறைத் தொகுதியில்தான் படிகள் செங்குத்தாக இருக்கும். படியேறாமல் மேல்பக்கக் கல்லறைத் தோட்டம் வழியாக அம்மாவை அழைத்துவர முடியுமா என்று ஒரு நாள் முன்பே நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

ரயில் விஷயம்: சமர்கண்டிலிருந்து தாஷ்கண்ட் வரும் அதிவேக ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், விற்பனை திறந்த அன்றே வாங்கிவிடுங்கள். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தாஷ்கண்டில் வடக்கு, தெற்கு என்று இரண்டு நிலையங்கள். எந்த நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டு விடுதியைப் பதிவு செய்யுங்கள்.